யாரிடம் அழைத்துப் போவது? மனநலச் சிகிச்சையாளர்களின் படிப்பையும் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்த கதை

அக்கா மகனுக்கு 24 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. பெருந்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவான். போன ஆவணியில் ஒரு காலை, விஜயமங்கலம் தாண்டியதும் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டியிருக்கிறது. உயிர் போகப் போகிறது என்று பயந்து நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். அடுத்த ஒரு மாதத்தில் மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. மூன்றிலும் குறை இல்லை. மூன்றாவது முறை பார்த்த டாக்டர், "இதயம் நன்றாக இருக்கிறது தம்பி. இது பதற்ற நோய் மாதிரி தெரிகிறது. நல்ல தெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

நல்ல தெரபிஸ்ட் யார், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தாய்மாமன் என்ற முறையில் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் நூல் வியாபாரி. 30ஆம் நம்பர் நூல் என்று சீட்டில் போட்டிருந்தால் அதை நம்பி யாரும் லோடு இறக்க மாட்டார்கள். கோம்டா (நன்றாகச் சீவிய பஞ்சா) கார்டடா (சாதாரணமாகச் சீவியதா) என்று கேட்போம். கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். தடிப்பும் மெலிவும் முடிச்சும் அங்கே தெரிந்துவிடும். இவ்வளவு பார்க்கிற ஊரில் மனநலச் சிகிச்சைக்கு மட்டும் ஆளைத் தேடும் விதம் வேறாக இருக்கிறது. "நம்ம ஆளுதான்", "நம்ம பங்காளி வீட்டுப் பையன்", "கோயமுத்தூரில் பெரிய கிளினிக் வைத்திருக்கிறார்" என்ற மூன்று வாக்கியங்களில் முடிவு எடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு முறை போய் மாட்டினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வாரத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து விசிட்டிங் கார்டுகள் சேர்ந்துவிட்டன. ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ்., எம்.டி. கோவையில் ஒரு மருத்துவ உளவியலாளர், எம்.ஃபில்., அதன் கீழே ஒரு பதிவு எண். திருப்பூரில் ஓர் உளவியல் ஆலோசகர், எம்.எஸ்ஸி. உளவியலும் ஆலோசனைப் பட்டயமும். ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மனநலச் சமூகப்பணியாளர், எம்.எஸ்.டபிள்யூ. முடித்து அதற்கு மேல் எம்.ஃபில். ஐந்தாவது கார்டு வழவழப்பாக, இரண்டு வண்ணத்தில், பெயருக்கு முன் 'டாக்டர்', பெயருக்குப் பின் பதினொரு சுருக்கெழுத்துகள். அக்காவுக்குப் பிடித்தது ஐந்தாவதுதான். "இவ்வளவு படித்திருக்கிறாரே" என்றாள்.

முதலில் அந்த 'டாக்டர்' என்ற சொல்லைக் கழுவிவிடலாம். அது மூன்று வழியில் வரும். மருத்துவம் படித்தால் வரும். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினால் வரும். அந்த முனைவர் ஆய்வு பள்ளி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றியதாகவும் இருக்கலாம்; நோயாளி ஒருவரையும் எதிரில் உட்காரவைக்காமலே அதை முடித்துவிட முடியும். மூன்றாவது, யாராவது மேடையில் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுக்கும் கௌரவப் பட்டம். ஐந்தாவது கார்டு எந்த வகை என்று போனில் கேட்டேன். பதில் நேராக வரவில்லை.

ஈரோட்டு மனநல மருத்துவரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் அடக்கம். அதற்கு மேல் மூன்று ஆண்டு எம்.டி., அதுவும் வார்டிலேயே. மருந்து எழுதும் உரிமை இந்த ஐந்து பேரில் இவருக்கு மட்டும்தான் உண்டு. உடம்பு சம்பந்தமான காரணத்தை விலக்கிப் பார்க்கத் தெரிந்தவரும் இவரே. எங்கள் பையனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி மனசைப் பற்றியது அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். ஆறு. ஷிப்மென்ட் நாட்களில் எட்டு. அடுத்து தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே படபடப்பு, இதே நடுக்கம், இதே வியர்வை வரும். அதைப் பார்க்காமல் பேசிப் பேசியே ஆறு மாதத்தை ஓட்டிவிட முடியும்.

அவரிடம் குறை என்று சொன்னால் நேரம்தான். வெளியே பெஞ்சில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். எம்.டி. படிப்பில் பேச்சுச் சிகிச்சையும் பாடம்தான், அவருக்கு அது தெரியாமல் இல்லை. நாற்பது பேர் காத்திருக்கும்போது ஒருவரோடு முக்கால் மணி நேரம் உட்கார வழியில்லை. அதை அவரே சொன்னார். "மாத்திரையும் உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு. மாத்திரை பலன் காட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். இவன் இருக்கும் நிலையில் பேச்சுச் சிகிச்சையை முதலில் முயன்று பார்க்கலாம். அதற்கு நேரம் கொடுக்கக்கூடிய ஒருவரிடம் போங்கள்" என்றார். படபடப்பு வந்ததும் நாக்கின் அடியில் வைக்க ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்று அக்கா கெஞ்சினாள். உடனடியாக அடக்கும் மாத்திரை பழக்கமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

இதே வசதி அரசு மருத்துவமனையிலும் இலவசமாக இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாடளவில் தொடங்கியது. அதன் குழுவில் மனநல மருத்துவரோடு மருத்துவ உளவியலாளர், சமூகப்பணியாளர், செவிலியர் ஆகியோரும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கோவையிலும் பெருந்துறையிலும் பழைய அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திருப்பூரிலும் நாமக்கல்லிலும் புதிய கல்லூரிகள் 2022இல் வந்துவிட்டன. பணம் இல்லை என்பதற்காக யாரும் ஐந்தாவது கார்டுக்காரரிடம் போக வேண்டியதில்லை. தனியார் கிளினிக் வாசலில் காரை நிறுத்தத் தயங்குகிறவர்கள் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவின் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம் என்பது ஒரு உபரி லாபம்.

இனி கோவைக்காரர். மருத்துவ உளவியலாளர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992இல் வந்தது. ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் சொல்வது அந்த மன்றத்தைத்தான். அந்த மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் மையப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவரே இந்தத் தொழிலைச் செய்யலாம். அவர்கள் வந்த வழி, உளவியலில் முதுகலை, அதற்குப் பின் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். இந்த இரண்டு ஆண்டும் மனநல மருத்துவமனையோடு சேர்ந்தே நடக்கும். நோயாளியிடம் வரலாறு கேட்டு எழுதுவது, சோதனைகள் செய்வது, சிகிச்சை கொடுப்பது, அதை மூத்தவர் முன் வைத்து ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்வது என்று போகும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளருக்கு இலக்கணம் சொல்லும்போது, மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி என்பதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது.

இந்த மேற்பார்வைதான் எங்கள் கருப்புப் பலகை. புத்தகம் படித்தவர்கள் நிறையப் பேர். தான் செய்ததைத் தன்னைவிடத் தெரிந்தவர் முன் விரித்து, முடிச்சு எங்கே என்று காட்டவிட்டவர்கள் குறைவு.

பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்தப் பயிற்சி 1950களிலிருந்தே நடக்கிறது. அப்போது அதன் பெயர் அகில இந்திய மனநல நிறுவனம். நம் பக்கத்து ஆட்களுக்கு நிம்ஹான்ஸ் புதிதில்லை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, சாமராஜநகர் வழியாக மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போனால்தான் சரியாகும் என்று நினைத்து உள்ளூரில் இருப்பவரைத் தவறவிடுவதும் நடக்கிறது. அங்கே படித்துவிட்டு இங்கே வந்து கிளினிக் வைத்தவர்கள் இருக்கும்போது இருநூறு மைலுக்குப் பயணம் எதற்கு?

ஒரு குழப்பம் வரப்போகிறது, அதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை தவணை கொடுத்தார்கள். ஆகவே இனி வரும் இளைஞர்களின் கார்டில் வேறு எழுத்துகள் இருக்கும், சை.டி. என்ற மருத்துவ உளவியல் முனைவர் பட்டம் இப்போதே சிலரிடம் இருக்கிறது. எழுத்து எதுவானாலும் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவேட்டை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கோவைக்காரரின் எண்ணை அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சரிபார்த்தோம், இரண்டு நிமிட வேலை.

பதிவு இல்லாமல் தொழில் செய்தால் தண்டனை உண்டா? உண்டு. ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992இல் எழுதிய தொகை. இன்று கோவையில் ஓர் அமர்வுக்கு எங்களிடம் கேட்ட கட்டணம் 1,200 ரூபாய். அபராதம் கட்டிவிட்டு மாலையில் கடையைத் திறந்தாலும் முதல் ஆளிலேயே லாபம் வந்துவிடும்.

திருப்பூர் ஆலோசகர் விஷயத்தில் சட்டம் இன்னும் தளர்வாக இருக்கிறது. 'ஆலோசகர்', 'தெரபிஸ்ட்' என்ற சொற்களுக்கு நம் நாட்டில் வேலி இல்லை. 2021இல் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் அது தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து இவரை நம்பலாமா கூடாதா என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. எம்.எஸ்ஸி. உளவியல் என்பது ஒரே தரத்தில் இருக்கும் சரக்கும் இல்லை. நேரடி வகுப்பில் படித்து, மருத்துவமனையிலோ பள்ளியிலோ மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவரும் எம்.எஸ்ஸி.தான். தொலைநிலைக் கல்வியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் வாங்கியவரும் எம்.எஸ்ஸி.தான். தொலைநிலைக் கல்வியை இளக்காரமாகச் சொல்லவில்லை, என் தங்கை பி.எட். அப்படித்தான் முடித்தாள். பாடம் வீட்டில் படிக்கலாம். எதிரில் அழுகிற ஒருவரை வைத்துக்கொண்டு எப்போது பேசாமல் இருப்பது என்பதை வீட்டிலிருந்து படிக்க முடியாது.

அந்த அம்மையாரிடம் போனில் பேசினேன். பையனின் நிலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐயா, நான் கல்லூரிப் பிள்ளைகளையும் குடும்பப் பிரச்சினைகளையும் பார்க்கிறேன். பஸ்ஸில் ஏற முடியாத அளவுக்குப் போன பதற்ற நோய்க்கு எனக்குப் பயிற்சி போதாது. மருத்துவ உளவியலாளரிடம் போங்கள்" என்று இரண்டு பெயர்கள் சொன்னார். அதில் ஒன்று எங்கள் மேசையில் இருந்த அதே கோவைக்காரர். போனுக்குப் பணம் கேட்கவில்லை. ஐந்து பேரிடமும் "எந்தப் பிரச்சினையை நீங்கள் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்?" என்று கேட்பதாக எழுதிவைத்திருந்தேன். இவரிடம் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

சமூகப்பணியாளரைப் பற்றி நம் ஊரில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எம்.எஸ்.டபிள்யூ. என்றால் கிராமத்தில் கழிப்பறை கட்டச் சொல்லி வருகிறவர் என்று நினைப்பு. மனநலச் சமூகப்பணியில் எம்.ஃபில். முடித்தவருக்கும் அதே இரண்டு ஆண்டு முழுநேர மருத்துவமனைப் பயிற்சி உண்டு. 2017 சட்டம் அவரையும் தனியாகப் பெயர் சொல்லி ஏற்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர், மனச்சிதைவு நோயோடு வீட்டில் இருப்பவர், மருமகளும் மாமியாரும் நோயாளியின் தலைமாட்டில் நின்று சண்டை போடும் வீடு, இவற்றுக்கு இவரே சரியான ஆள். குடும்பத்தை மொத்தமாக உட்காரவைத்துப் பேசும் பயிற்சி இவரிடம் இருக்கிறது. எங்கள் பையனுக்கு வேண்டியது அது இல்லை என்பதால் கார்டை எடுத்து வைத்துக்கொண்டோம். எங்கள் பங்காளிகளில் ஒருவருக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கு என்று சொன்னால் ஊரில் இருக்க முடியாது.

இப்போது ஐந்தாவது கார்டு. பதினொரு சுருக்கெழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக விசாரித்தேன். நான்கு இரண்டு நாள் பயிலரங்குகள். மூன்று ஆன்லைன் சான்றிதழ்கள். ஒன்று ஏதோ சங்கத்தின் உறுப்பினர் என்பதற்கான எழுத்து, சந்தா கட்டினால் கிடைப்பது. மீதி மூன்று எனக்குப் புரியவே இல்லை. போனில், 21 நாளில் சரியாகிவிடும், நூறு சதவீதம் உத்தரவாதம், முன்பணம் 11,000 என்றார். எங்கே, யார் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகினீர்கள் என்று கேட்டேன். "நான் பார்த்தவர்களே ஆயிரக்கணக்கில்" என்றார். கேள்வி அதுவல்லவே.

நான் மாட்டிய கதை இங்கேதான் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குகிறவர்) ஒருவர் திவாலானதில் எங்கள் பணம் முடங்கியது. மூன்று மாதம் தூக்கமே இல்லை. எனக்குச் சரக்குக் கொடுக்கல் வாங்கல் உள்ள சாயப்பட்டறைக்காரர் ஒருவர், நம்ம ஆளுதான், போய்ப் பாருங்கள் என்று ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நானும் மனசைத் திறந்து கடன் கணக்கு முதல் வீட்டில் நடக்கும் சண்டை வரை கொட்டினேன். பத்து நாள் கழித்து அந்தச் சாயப்பட்டறைக்காரர் எதிர்ப்பட்டபோது, "ஏனுங்க, தூக்கம் எப்படி இருக்கிறது? அந்தப் பேங்க் விஷயத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள்" என்றார். பேங்க் விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர் எனக்குக் கடனுக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டார்.

நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017 சட்டத்தில் நோயாளியின் உரிமையாகவே இருக்கிறது. அதைவிட, முறையாகப் பயின்றவர்களுக்கு அது முதல் மாதத்திலேயே எலும்பில் ஏறிவிடுகிறது. அறிமுகமானவரையும் உறவினரையும் சிகிச்சைக்கு எடுக்கக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம். நம் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. பெண் பார்க்கும் பருவத்தில் இருக்கும் ஒருவனின் பேச்சு எந்த வீட்டுக் காதில் போய் விழும் என்று சொல்ல முடியாது. "நம்ம ஆளு" என்பது நூலுக்கும் மாப்பிள்ளை பார்க்கவும் தகுதி. இந்த ஒரு விஷயத்தில் அது குறை. கோவைக்காரரும் முதல் நாளே எங்கள் ஊர், குலம், கோயில் எதையும் கேட்கவில்லை. அக்காவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேசைக்கு வராத வழிகளும் இரண்டு மூன்று இருந்தன. அக்காவின் மாமியார், குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கலாம் என்றார். காலங்காலமாக மனநோய்க்கு அங்கே போய் 48 நாள் இருந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. சிகிச்சை தொடங்கட்டும், பிறகு ஒரு சனிக்கிழமை எல்லோரும் போய்வரலாம் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார். சித்த வைத்தியம் பார்ப்போம் என்று இன்னொருவர் சொன்னார். சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றவரை 2017 சட்டமே மனநல வல்லுநர் என்று ஏற்கிறது. அப்படிப் படித்தவரா என்று கேட்டேன். அவர் சொன்ன வைத்தியருக்கு மூட்டு வலிதான் சிறப்பு.

லண்டனில் படித்தவர் ஆன்லைனில் பார்க்கிறார் என்று பையனின் நண்பன் ஒருவன் சொன்னான். லண்டன் என்றதும் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிரிட்டனில் 'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'சைக்கோதெரபிஸ்ட்' என்ற பெயருக்கு அங்கேயும் கிடையாது. ஊர்ப் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதோடு மொழி. பையன் தனக்கு வந்ததை, நெஞ்சுக்குள் பொசுக்கென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று சொல்கிறான். அந்தப் 'பொசுக்'கை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் அவன் இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிறவன் போல் ஆகிவிடுவான்.

மருத்துவம் படிக்காதவர் இந்தச் சிகிச்சையைச் செய்யலாமா என்ற கேள்வியே நூறு வயதானது. வியன்னாவில் மருத்துவரல்லாத தியோடர் ரைக் மீது 1926இல் போலி மருத்துவர் என்று வழக்கு வந்தபோது, செய்யலாம் என்று அவர் பக்கம் வாதாடியவர், உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃப்ராய்டு. அவரே ஒரு மருத்துவர். ஆனால் முறையான பயிற்சி இல்லாதவர் செய்யக் கூடாது, அவர் மருத்துவராக இருந்தாலும் சரி என்பதும் அவர் கட்சி. அந்த இரண்டாம் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

படிப்புக்கு அடுத்து முறை. சி.பி.டி. என்று சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயத்தை வளர்க்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் முறை, 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது. பதற்ற நோய்க்கு இதுவே நன்கு சோதித்துப் பார்க்கப்பட்டது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் இதற்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது. இந்த எண் தெரிந்திருந்தது எங்களுக்கு மிகவும் உதவியது. மூன்று அமர்வில் சரியாகவில்லையே என்று ஓடிவிடாமல் இருக்கவும், இரண்டு வருடம் வாராவாரம் வரச் சொன்னால் ஏன் என்று கேட்கவும் ஒரு அளவுகோல்.

கோவையில் டிரான்ஸாக்‌ஷனல் அனாலிசிஸ் (ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் விதத்தை அலசும் பேச்சுச் சிகிச்சை) என்ற முறைக்கும் நல்ல வேர் உண்டு. எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் தொடங்கியது; இங்கே பல ஆண்டுகளாகப் பயிற்சி நடக்கிறது. இதைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் ஒரே சான்றிதழ்க் குடும்பத்துக்குள் எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்று விளங்கியது. '101' என்ற அறிமுக வகுப்பு இரண்டு நாள். அதை முடித்தவருக்கும் ஒரு தாள் கிடைக்கும். ஆனால் சிகிச்சையாளராகச் சான்று பெற வேண்டுமானால் பல ஆண்டுப் பயிற்சி, நூற்றுக்கணக்கான மணி நேரம் வாடிக்கையாளரோடு வேலை, அதற்கு மேற்பார்வை, கடைசியில் தேர்வாளர் குழு முன் தான் நடத்திய அமர்வின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். மறுபடியும் கருப்புப் பலகை. இந்த இரண்டு பேரும் சுவரில் மாட்டும் சட்டம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

கோவைக்காரரிடம் போவது என்று முடிவானது. பெருந்துறையிலிருந்து 80 கிலோமீட்டர் அளவு. பையனுக்குப் பயமே பஸ்தான். அவனைச் சரிசெய்யக்கூடியவர் இருப்பதோ பஸ் ஏறிப் போக வேண்டிய ஊரில். முதல் இரண்டு வாரம் என் காரில் அழைத்துப் போனேன். இரண்டாவது வாரம் அவர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். "நீங்கள் அன்பாகச் செய்கிறீர்கள். ஆனால் பஸ் ஆபத்து, கார் பாதுகாப்பு என்று அவன் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் காரைக் கொண்டுவராதீர்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெட்ரோல் போட்டது நான்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பையன் சொல்லித்தான் தெரியும். அவர் அவனைக் கிளினிக் மாடிப்படியில் வேகமாக நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறார். நெஞ்சு அடித்துக்கொண்டதும், இது சாவின் அடிப்பா, படி ஏறியதன் அடிப்பா என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து ஒரு நிமிடம் அது வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்லியிருக்கிறார். தலை கிறுகிறுத்தது. அது தானாக அடங்குவதை அவனே கடிகாரத்தில் பார்த்து எழுதியிருக்கிறான். பஸ்ஸில் வந்தவை அதே உணர்வுகள்தான், இந்த முறை வேண்டுமென்றே வரவழைத்தவை. அதற்குப் பின் வீட்டுப்பாடம். பெருந்துறையில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கு. மறுநாள் அதற்கடுத்தது. ஜன்னலோர சீட்டு வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டாம், அம்மாவுக்குப் போன் செய்யாதே. விஜயமங்கலம் தாண்டிய நாளில் அக்கா வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

பேச்சுச் சிகிச்சை என்றால் உட்கார்ந்து பேசுவது என்று நினைத்திருந்த எனக்கு, ஸ்ட்ராவையும் மாடிப்படியையும் எப்போது, எவ்வளவு தூரம் பயன்படுத்துவது என்பதற்குத்தான் அந்த இரண்டு ஆண்டு வார்டு தேவைப்படுகிறது என்று அப்போது புரிந்தது. இதயத்தில் கோளாறு உள்ள ஒருவரை இப்படி ஓடவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் அவர் முதல் நாளே ஈ.சி.ஜி., தைராய்டு ரிப்போர்ட் இரண்டையும் வாங்கிப் பார்த்தார், ஈரோட்டு டாக்டரிடம் போனிலும் பேசினார். ஐந்தாவது கார்டுக்காரர் ரிப்போர்ட் எதுவும் வேண்டாம் என்றவர்.

எல்லோருக்கும் கோவைக்காரர்தான் என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்காத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பது, சாப்பாட்டை விட்டுவிடுவது என்று இருந்தால் முதலில் மனநல மருத்துவர், அதில் பேச்சே கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் கார்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும். நடு இரவாக இருந்தால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பையன் இப்போது ஒன்பது அமர்வு முடித்திருக்கிறான். திருப்பூருக்குப் பஸ்ஸில்தான் போகிறான், காபி இரண்டு. இதற்கிடையே அவன் தங்கை, கல்லூரி இரண்டாம் ஆண்டு, விடுதியில் நெருங்கிய தோழி பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று ஒரு மாதமாக முகம் வாடிக்கிடந்தாள். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் ஓடுகிறது, மனசு மட்டும் கனம். அண்ணனைப் பார்த்த அதே கோவைக்காரரிடம் கூட்டிப் போகலாம் என்றாள் அக்கா. அவர் நல்லவர், ஆனால் இதற்கு அவர் தேவையில்லை என்றேன். திருப்பூர் ஆலோசகருக்குப் போன் செய்தோம். எதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கேட்காமலே சொன்னவர். இந்த முறை, "அனுப்புங்கள் ஐயா, இது நான் பார்ப்பதுதான்" என்றார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.